பழமே பாத்திரம்

பங்குனி மாதத்தின் கடைசி நாட்களில் கரியாஹாட் நாற்சந்தியைக் கடந்து செல்வது எளிதன்று. ராஷ்பிகாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் ஒன்றையொன்று வெட்டும் அவ்விடத்தில், நடைபாதையின் இருபுறமும் சேலையும் சட்டையும் செருப்பும் வளையலும் குவிந்து கிடக்கும். வங்காள ஆண்டின் இறுதி மாதமான சைத்ரம் முடிவதற்குள் பழைய சரக்கைத் தீர்த்துவிட வேண்டும் என்று வணிகர் உரத்த குரலில் கூவி விற்பர். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், கூச்சல் ஏதுமின்றி, பழக்கடைகள் நிற்கின்றன. அடுக்கி வைத்த தர்பூசணிகளும், குலை குலையாகத் தொங்கும் இளநீர்க் காய்களும், வெயில் ஏற ஏறத் தாமே விலைபோகும்.

அவ்வெயிலுக்கு நடுவில்தான் இரண்டு புத்தாண்டுகள் வருகின்றன. தமிழர் ஏப்ரல் 14 அன்று சித்திரைத் திருநாளைக் கொண்டாடுவர். மேற்கு வங்காளத்தார் பெரும்பாலும் அதற்கு மறுநாள் 'பொய்லா பொய்சாக்' கொண்டாடுவர். அன்று கடைக்காரர்கள் பழைய கணக்கை முடித்துப் புதுக் கணக்கேடு தொடங்குவர். அதற்கு 'ஹால்காதா' என்று பெயர். கடைக்கு வரும் வாடிக்கையாளருக்கு இனிப்பும் குளிர்ந்த சர்பத்தும் கொடுப்பது வழக்கம். தமிழ்நாட்டிலோ இதே பருவத்தில் பானகமும் நீர்மோரும் வழங்கப்படுகின்றன. வெல்லத்தைக் கரைத்துச் சுக்கும் ஏலமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் பானகம். வங்காளத்தில் வில்வப்பழத்தைக் கரைத்துச் செய்யும் பானத்தைப் 'பானா' என்பர். பானகம், பானா என்னும் இரு சொற்களையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் அவற்றின் உறவு காதிலேயே விளங்கும்.

இரண்டு புத்தாண்டுக்கும் சேர்த்து ஒரே விருந்தாக நண்பர்களை அழைக்கும் தமிழ்க் குடும்பத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு. பதினைந்து பேருக்குக் குளிர்பானத்தை எதில் வைத்து ஊற்றுவது? கடையில் கிடைக்கும் நெகிழிக் கலத்தை வாங்கலாம். ஒருநாள் பயன்பட்டுப் பின் பரண்மேல் ஏறிவிடும். மாறாக, சாற்றைத் தந்த பழத்தையே சாற்றின் கலமாக்கலாம். தர்பூசணியைக் குடைந்து, அதன் அடியில் ஒரு சிறு குழாயைப் பொருத்தி, திருகினால் பானம் வழியுமாறு செய்வதே அம்முறை.

இது புதுமையாகத் தோன்றினும் இதன் வேர் பழையது. இளநீர் தன் கலத்தோடு பிறக்கும் பானம். அதை வெட்டுபவர் ஒரு வாயைத் திறந்து விடுகிறார்; வேறு பாத்திரம் தேவையில்லை. பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிப்பது தென்மாவட்டங்களில் இன்றும் உண்டு. முற்றிய சுரைக்காயின் உள்ளீட்டை நீக்கிக் காயவைத்த சுரைக்குடுக்கையில் உழவர் தண்ணீர் கொண்டு சென்றனர். ஆப்பிரிக்காவின் கலகாரி வறண்ட நிலத்தில் வாழும் மக்களுக்கு, காட்டுத் தர்பூசணியே நீர் கிடைக்காத மாதங்களில் நீர்நிலை. எகிப்திய மன்னர் துட்டன்காமுனின் கல்லறையிலும் தர்பூசணி விதைகள் கிடைத்துள்ளன. எடையில் ஏறத்தாழ 92 விழுக்காடு நீராகவே இருக்கும் பழத்தை மனிதர் பழம் என்று மட்டும் கருதாமல் குடம் என்றும் கருதியதில் வியப்பில்லை.

கொல்கத்தாவிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. கல்லூரிச் சதுக்கத்தின் அருகே, 1918-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'பாரமவுண்ட்' என்னும் சர்பத்துக் கடை இன்றும் நடைபெறுகிறது. அங்கே மிகுதியாக விற்பது 'டாப் சர்பத்'. வங்காளத்தில் இளநீர்க் காய்க்கு 'டாப்' என்று பெயர். இளநீரோடு அதன் இளவழுக்கையையும் சேர்த்துக் கொடுக்கும் அந்தப் பானத்தின் செய்முறையை வகுத்துத் தந்தவர் வேதியியல் அறிஞர் ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய் என்று கூறுவர். படிக்கும் மாணவர் கையில் காசு குறைவு. அவர்கள் குடிப்பது தாகத்தையும் தீர்க்க வேண்டும், சிறிது பசியையும் ஆற்ற வேண்டும் என்பது அவர் எண்ணமாம். வழுக்கையைச் சேர்த்ததன் காரணம் அதுவே. வங்காளச் சமையலில் இளநீர்க் காயின் ஓடு அடுப்பு வரைக்கும் போகிறது: இறாலை மசாலாவுடன் அதனுள் இட்டு, வாயை மூடி வேகவைக்கும் 'டாப் சிங்ரி' புகழ்பெற்ற உணவு.

இனித் தர்பூசணிக்கு வருவோம். கரியாஹாட் அங்காடியில் பழத்தைத் தேர்ந்தெடுப்பதிலிருந்தே வேலை தொடங்குகிறது. நீண்ட பழத்தைவிட உருண்டைப் பழமே ஏற்றது. நீண்டதை நிற்க வைத்தால் சாயும். ஒருபுறம் மஞ்சள் படிந்த திட்டு இருத்தல் வேண்டும். கொடியில் முற்றும்வரை தரையில் கிடந்ததற்கு அது அடையாளம். தோலில் வெடிப்பு, நசுங்கல், மென்மையான இடம் ஆகியன இருப்பின் அதை விட்டுவிட வேண்டும். சாப்பிடுவதற்கு அத்தகைய பழம் ஒருவேளை பயன்படலாம், கலத்துக்குப் பயன்படாது. "தாதா, தொர்மூஜ் கொத்தோ?" என்று கேட்கும் குழந்தை வீட்டுக்கு வந்து "அம்மா, தர்பூசணி வாங்கிட்டேன்" என்று சொல்லும். பழத்தின் பெயர் இரு மொழிகளிலும் பாரசீகத்திலிருந்து வந்த ஒன்றே.

எவ்வளவு பெரிய பழம் வாங்குவது? இங்கே கணக்குப் பாடம் உதவிக்கு வருகிறது. ஒரு நூலைப் பழத்தின் நடுவில் சுற்றி அளக்க வேண்டும். சுற்றளவு 66 செ.மீ. என்றால் ஆரம் 10.5 செ.மீ. அதன் கனஅளவு ஏறக்குறைய 4,850 கன செ.மீ.; அதாவது ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பார்ப்பவர் எவரும் ஐந்து லிட்டர் பானம் கொள்ளும் என்றே நினைப்பர். ஆனால் கலம் கசியாதிருக்க 2 செ.மீ. தடிமனுக்குத் தோலையும் அதை ஒட்டிய சதையையும் விட்டாக வேண்டும். அப்போது உள்ளிருக்கும் உருண்டையின் ஆரம் 8.5 செ.மீ. மட்டுமே, கனஅளவு ஏறத்தாழ 2,570 கன செ.மீ. இரண்டே சென்டிமீட்டர் தோல் கிட்டத்தட்டப் பாதியை விழுங்கிவிட்டது! மேலே வெட்டி எடுத்த மூடியையும், குழாய்க்குக் கீழே தங்கிவிடும் சாற்றையும் கழித்தால் கைக்கு வருவது சுமார் 2,250 மி.லி. ஒரு குவளைக்கு 150 மி.லி. என்றால் பதினைந்து குவளை. பதினைந்து பேருக்கு ஒரு சுற்று வரும். இரண்டாம் முறை கேட்பவருக்குப் பானையில் தனியே வைத்திருக்க வேண்டும்.

பழத்தை முந்தைய இரவே குளிர்பதனப் பெட்டியில் வைப்பது நல்லது. தண்ணீர் சூடேற மிகுந்த வெப்பம் வேண்டும். பழம் பெரும்பாலும் நீராதலின், உள்வரை குளிர்ந்த தர்பூசணி எளிதில் சூடேறாது. அதன் தடித்த தோல் வெளி வெப்பத்தையும் தடுக்கும். வெட்டும் முன் ஓடும் நீரில் தோலைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தோலைத்தான் உண்பதில்லையே என்று பலர் கழுவாமல் விடுவர். கத்தி தோலின் மேலுள்ள அழுக்கையும் கிருமியையும் தன்னோடு உள்ளே இழுத்துச் செல்கிறது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

கத்தி வேலை பெரியவருடையது. காம்புப் பக்கத்தில், ஒரு கை நுழையும் அளவுக்கு வட்டமாக மூடியை வெட்டி எடுக்க வேண்டும். கத்தியைச் செங்குத்தாகச் செலுத்தாமல் நடுவை நோக்கிச் சாய்த்து வெட்டினால், மூடி திரும்ப வைக்கும்போது உள்ளே விழாது. பின்பு பெரிய கரண்டியால் சதையைத் தோண்டிப் பாத்திரத்தில் சேர்க்கலாம். இதனைக் குழந்தைகளே செய்யலாம், செய்வார்கள், பாதி வாய்க்குள் போவதையும் தடுக்க இயலாது.

உருண்டைப் பழம் உருளாமல் நிற்க, அடியைச் சீவித் தட்டையாக்குமாறு பலர் சொல்வர். அது அவ்வளவு நல்ல வழியன்று. சீவிய இடத்தில் தோல் மெலிந்து, சாற்றின் எடையால் ஊறத் தொடங்கும். நம் முன்னோர் மண்பானைக்கு அடியில் வைத்த பிரிமணையே இதற்குச் சரியான விடை. வைக்கோல் கிடைக்காத நகரத்தில், பழைய பருத்தித் துண்டை முறுக்கி வளையமாக்கினால் அதுவே பிரிமணை.

குழாய் பொருத்துவதே இம்முறையின் உயிர்நிலை. குடிநீர் வடிகட்டிப் பாத்திரங்களில் இருக்கும் சிறு நெகிழிக் குழாய் பாத்திரக் கடைகளில் தனியாகவும் கிடைக்கும். அதனுடன் இரண்டு ரப்பர் வாஷரும் ஒரு மரையும் வரும். பழத்தின் அடியிலிருந்து நான்கைந்து செ.மீ. உயரத்தில், குழாயின் தண்டைவிடச் சற்றே சிறிய துளை இட வேண்டும். துளை பெரிதாகிவிட்டால் அந்தப் பழம் அவ்வளவுதான். சிறிதாக இருந்தாலோ சிறிது சிறிதாக அகலப்படுத்தலாம். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர்: பழத்தின் உட்புறம் வளைவானது, வாஷரோ தட்டையானது. வளைந்த பரப்பின்மேல் தட்டை வாஷரை எவ்வளவு இறுக்கினாலும் ஓரத்தில் இடைவெளி இருக்கும். சாறு அவ்வழியே கசியும். ஆகவே துளையைச் சுற்றி உட்புறத்தில் ஒரு நாணய அளவுக்குச் சதையைச் சுரண்டித் தட்டையாக்கிய பின்பே வாஷரை வைத்து மரையைத் திருக வேண்டும். மிகவும் இறுக்கினால் தோல் பிளக்கும். பொருத்தி முடித்தவுடன் சாற்றை ஊற்றாமல், முதலில் தண்ணீரை நிரப்பிப் பத்து நிமிடம் தொட்டியில் வைத்துப் பார்ப்பது அறிவுடைமை.

இன்னொரு சிறு செய்தி. குழாய் தாழ்வாக இருப்பதால் அதன்கீழ் குவளை நுழையாது. பழத்தை மேசையின் விளிம்பில், குழாய் வெளியே நீட்டியிருக்குமாறு வைக்க வேண்டும்; அல்லது கவிழ்த்த பாத்திரத்தின்மேல் பிரிமணையை இட்டு ஏற்றி வைக்க வேண்டும். விருந்தினர் வந்த பின்பு இதைக் கண்டுபிடிக்கும் வீடுகள் மிகுதி.

தோண்டிய சதையை விதை நீக்கி அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். நார் இருந்தால் குழாயின் வாயை அது அடைத்துவிடும். சாற்றில் இனிப்பு மட்டுமே உண்டு. புளிப்பும் காரமும் நாம் சேர்ப்பவை. கரியாஹாட்டில் கிடைக்கும் 'கந்தராஜ்' எலுமிச்சையில் சாறு குறைவு, மணமோ மிகுதி. அதன் தோலைச் சிறிது சீவிப் போட்டால் அறை முழுவதும் மணக்கும். ஒரு சிட்டிகை சுக்குப்பொடியும் உப்பும் சேர்த்தால் அது பானகத்தின் தங்கையாகிவிடும். கடைப் பனிக்கட்டி எந்தத் தண்ணீரில் உறைந்தது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. உருகினால் சுவையையும் நீர்க்கச் செய்யும். தர்பூசணிச் சாற்றில் ஒரு பகுதியையே உறையவைத்துக் கட்டிகளாக இட்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

மூடியை இறுக மூடிவிட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள். முதலில் வேகமாக வழியும் சாறு சிறிது நேரத்தில் தயங்கும், 'குளுக் குளுக்' என்று ஒலி எழுப்பும், பின் நின்றுவிடும். சாறு வெளியேறிய இடத்தை நிரப்ப உள்ளே காற்று வர வழியில்லை. உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் குறைய, வெளிக்காற்று குழாய் வாயில் சாற்றை எதிர்த்துத் தள்ளுகிறது. மூடியைச் சற்றே விலக்கினால் மீண்டும் வழியும். இளநீரை வாய்வைத்துக் குடிக்கும்போது கேட்கும் ஒலியும் இதனால் வருவதே; உறிஞ்சுகுழலால் குடிக்கும்போது, குழலைச் சுற்றியுள்ள இடைவெளியில் காற்று புகுவதால் அவ்வொலி எழுவதில்லை. சாற்றின் மட்டம் குறையக் குறைய வேகமும் குறையும். மேலே நிற்கும் சாற்றின் உயரமே குழாயிடத்து அழுத்தத்தைத் தருகிறது. கடைசியாக வரும் விருந்தினர் சற்றுப் பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

வெட்டிய பழமும் அதன் சாறும் கிருமிகளுக்கும் விருந்தே. வெயில் 32 பாகைக்கு மேல் ஏறிய நாளில், வெளியே வைத்த சாற்றை ஒரு மணி நேரத்துக்குள் பருகி முடித்துவிட வேண்டும். குளிர்ந்த அறையிலும் இரண்டு மணி நேரமே எல்லை. இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பவருக்குக் கொல்கத்தாவின் வரலாறே விடை சொல்லும். காலரா என்னும் கொடிய வாந்திபேதியை உண்டாக்கும் கிருமியை ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் கோக் 1884-ஆம் ஆண்டு இந்நகரில்தான் தனித்துப் பிரித்துக் காட்டினார். மக்கள் குளித்து, துவைத்து, குடித்துவந்த குளத்து நீரிலும் அதைக் கண்டார். அக்கிருமி சுரக்கும் நஞ்சே உடலின் நீரை வெளியேற்றுகிறது என்று 1959-இல் நிறுவியவர் கொல்கத்தாவைச் சேர்ந்த சம்பு நாத் டே.

1971-இல் வங்காளதேசப் போரின்போது பல இலட்சம் மக்கள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்கு வந்தனர். பன்கான் என்னும் எல்லையூர் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியாக ஏற்றும் மருந்துநீர் தீர்ந்து போயிற்று. நோயாளிகள் மருத்துவமனைத் தரையில் கிடந்தனர். அப்போது மருத்துவர் திலீப் மகலநாபிஸ் குளுக்கோசு, உப்பு, சமையல் சோடா மூன்றையும் அளவோடு கலந்து, தூய நீரில் கரைத்துக் குடிக்கச் செய்தார். பெரிய கலங்களில் கரைத்த அந்நீரைக் குவளை குவளையாக நோயாளியின் தாயோ அண்ணனோ ஊட்டினர். பயிற்சி பெற்றவர் எல்லோருக்கும் ஊட்டும் அளவுக்கு அங்கே இல்லை. முப்பது விழுக்காடு வரை இருந்த இறப்பு நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிற்று. உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று இன்று ஒவ்வொரு வீட்டிலும் அறியப்படும் அந்த மருந்து உலகெங்கும் ஏற்கப்பட அம்முகாமின் அனுபவம் பெரிதும் துணைநின்றது. மகலநாபிஸ் 2022-இல் மறைந்தார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. ஒரே குவளை, அதில் உள்ள நீரைப் பொறுத்து, நோயையும் தரும், உயிரையும் மீட்கும்.

விருந்து முடிந்த பின் கலம் என்னாகும்? தெருவோரம் எறிந்த இளநீர் ஓடுகளைக் கவனித்தவருக்கு இது முக்கியமான கேள்வி. கோடை மழை பெய்ததும் ஒவ்வோர் ஓட்டிலும் நீர் தேங்கும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அத்தகைய சிறு நீர்த்தேக்கத்தில்தான் முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் புதிய கொசுக்கள் பறக்கும். குடைந்த தர்பூசணியும் அவ்வாறே ஒரு கிண்ணம். ஆகவே குழாயைக் கழற்றிக் கழுவி அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைத்துவிட்டு, பழ ஓட்டைத் துண்டு துண்டாக வெட்டிவிட வேண்டும்.

வெட்டிய துண்டுகளையும் உடனே எறிய வேண்டியதில்லை. பச்சைத் தோலைச் சீவினால் உள்ளே வெண்மையான பகுதி இருக்கும். சுவையில் அது வெள்ளரிக்கும் பூசணிக்கும் இடைப்பட்டது. தமிழ் வீடுகளில் அதைப் பாசிப்பருப்புடன் கூட்டு வைப்பர். வங்காள வீடுகளில் கருஞ்சீரகம் தாளித்துத் தொர்காரி செய்வர். காய்கறித் தோலை வீணாக்காமல் சமைப்பதில் வங்காளியர் மிகவும் தேர்ந்தவர். விதைகளைக் கழுவி மாடியில் உலர்த்தினால், மேல்தோல் நீக்கி உட்பருப்பை எடுக்கலாம். வெள்ளரி, பூசணி போன்றவற்றின் பருப்போடு இதுவும் கலந்ததே, கரியாஹாட் மளிகைக் கடைகளில் 'சார்மகஜ்' என்னும் பெயரில் விற்கும் விதைப்பருப்பு. அதை அரைத்துக் குழம்பில் சேர்த்தால் முந்திரியைப் போலவே கெட்டிப்படுத்தும்.

அருஞ்சொற்பொருள்

பிரிமணை – பானை உருளாதிருக்க அடியில் வைக்கும் வைக்கோல் வளையம்
பட்டை – பதநீர் பருகப் பனையோலையை மடித்துச் செய்யும் கலம்
வழுக்கை – இளநீர்க் காயினுள் உள்ள மென்மையான பருப்பு
மரை – திருகாணியில் இறுக்கப் பயன்படும் வளையம்
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு

பயிற்சி

1. பழத்தின் அடியைச் சீவுவதைவிடப் பிரிமணை வைப்பதே நன்று எனப் பாடம் கூறுவது ஏன்?
2. சுற்றளவு 88 செ.மீ. உள்ள தர்பூசணியை 2 செ.மீ. தோல் விட்டுக் குடைந்தால், உள்ளே எத்தனை லிட்டர் கொள்ளும்? கணக்கிடுக.
3. மூடியை இறுக மூடினால் சாறு வழியாமல் நிற்பதற்குக் காரணம் யாது? இளநீரை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குக.
4. பன்கான் முகாமில் நோயாளிகளுக்குக் கரைசலை ஊட்டியவர் யாவர்? அவர்களே ஊட்ட வேண்டிய நிலை ஏன் ஏற்பட்டது?
5. உங்கள் வீட்டுப் பெரியவரிடம், அவர்தம் ஊரில் இலை, ஓலை, காய், ஓடு ஆகியவற்றில் எவை உண்ணவும் பருகவும் கலமாகப் பயன்பட்டன என்று கேட்டு, அவர் சொன்ன பெயர்களை அவர் சொன்னபடியே எழுதுக.